வாய்ஸ்மெயிலில் இருக்கும் அப்பாவின் குரலை ஆடியோ ஃபைலாக எடுத்துவைப்பது எப்படி?

கேள்வி: அப்பா தவறி ஏழு மாதம் ஆகிறது. அவர் எனக்கு விட்ட வாய்ஸ்மெயில்கள் பதினான்கு என் ஐபோனில் இருக்கின்றன. “என்னம்மா, போனை எடுக்க மாட்டேங்கிற, சும்மாதான் கூப்பிட்டேன்” என்கிற மாதிரி சின்னச் சின்னச் செய்திகள்தாம். ஒன்றைக்கூட இதுவரை கேட்க என்னால் முடியவில்லை. அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு போனிலும் அப்பா விட்டவை சில உண்டு. ஆனால் அதில் பட்டியல் எதுவும் தெரியாது. 1-ஐ அழுத்திப் பிடித்து, வாய்ஸ்மெயிலுக்கு அழைத்துத்தான் கேட்க வேண்டும். என் போனின் திரை விரிசல் விட்டுவிட்டது. அடுத்த வாரம் புதுப் போன் வாங்கி, கட்டணம் குறைவான வேறு நெட்வொர்க்குக்கு மாறப்போகிறேன். “எல்லாம் தானாகவே புதுப் போனுக்கு வந்துவிடும்” என்று கடையில் சொன்னார்கள். தம்பியோ, “இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்து ரெக்கார்ட் பண்ணினால் போதும்” என்கிறான். எது சரி? எந்த வகை ஃபைலாக வைத்துக்கொள்வது நல்லது? பின்னணி இரைச்சலை நீக்க முடியுமா? தெரியாமல் அழித்துவிட்ட ஒரு செய்தியைத் திரும்ப எடுக்க வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்காமல், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினான்கும் ஃபைலாக உங்கள் கைக்கு வரும்வரை நெட்வொர்க் மாறாதீர்கள். சிம்மைக் கழற்றாதீர்கள். வாய்ஸ்மெயில் திட்டத்தைக்கூட மாற்றாதீர்கள். சாதாரண வாய்ஸ்மெயிலிலிருந்து கூடுதல் வசதியுள்ள திட்டத்துக்கு மாறும்போதே பழைய செய்திகள் அழிந்துபோவது உண்டு. புதுப் போன் தாராளமாக வாங்குங்கள். பழையதை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

கடைக்காரர் சொன்னது போட்டோவுக்கும் தொடர்பு எண்களுக்கும் பொருந்தும். வாய்ஸ்மெயில் சங்கதி வேறு. ஒருவர் கூப்பிட்டு நீங்கள் எடுக்காவிட்டால், அந்த அழைப்பை நெட்வொர்க் நிறுவனம் தன்னுடைய சர்வருக்குத் திருப்பிவிடுகிறது. பேசியவரின் குரல் அங்கேதான் பதிவாகிறது. உங்கள் போன் அணைந்து கிடந்த நேரத்திலும் செய்தி வந்து சேர்வது இதனால்தான். அந்தப் பெட்டி, அந்த நிறுவனத்தில் உங்களுக்கு இருக்கும் கணக்கோடு சேர்ந்தது. அதே எண்ணை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போனாலும் பெட்டி உங்களோடு வராது. பழைய கணக்கு மூடப்படும்போது அதுவும் மூடப்படும். கணக்கு உயிரோடு இருந்தாலும் செய்திகளுக்குக் கெடு உண்டு. இரண்டு வாரம், ஒரு மாதம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் அது மாறும். கெடு முடிந்ததும் சர்வர் யாரையும் கேட்காமல் அழித்துவிடும்.

அப்படியானால் ஏழு மாதத்துக்கு முந்தைய குரல் உங்கள் போனில் எப்படி இன்னும் இருக்கிறது? 2007-இல் முதல் ஐபோன் வந்தபோது, வாய்ஸ்மெயில்களை ஒரு பட்டியலாகக் காட்டி, வேண்டியதைத் தொட்டுக் கேட்கும் வசதியும் கூடவே வந்தது. அந்த முறையில் செய்தியின் நகல் ஒன்று போனுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. உங்களிடம் இருப்பது அந்த நகல். சர்வரில் மூலம் அழிந்தே போயிருக்கலாம். அப்படியென்றால், விரிசல் விட்ட அந்தப் போனில் இருப்பதுதான் உலகில் இருக்கும் ஒரே பிரதி. சிம் மாறியதும் அந்தப் பட்டியல் வெறுமையாகிவிட்ட கதைகளும் உண்டு. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பழைய ஒலிப்பதிவுகளை மீட்டுச் சேமிப்பது என் தொழில். அதில் முதலில் கற்றுக்கொடுக்கப்படுவது, நல்ல பிரதிக்காகக் காத்திருந்து கையில் கிடைக்கும் பிரதியை விட்டுவிடக் கூடாது என்பது. ஆகவே தம்பி சொன்ன வழியை ஒதுக்காதீர்கள். உங்கள் ஐபோனுக்கு அது தேவைப்படாது. அம்மாவின் போனுக்கு, இன்றைக்கே செய்யக்கூடிய முதல் வேலை அதுதான்.

ஐபோனிலிருந்து எடுப்பது எளிது. 2015-இல் வந்த ஐஓஎஸ் 9 தொடங்கி இதற்கென்றே வசதி இருக்கிறது. போன் ஆப்பில் வாய்ஸ்மெயில் பகுதியைத் திறந்து, ஒரு செய்தியைத் தொடுங்கள். அது விரியும்போது, ஒரு சதுரத்திலிருந்து மேல்நோக்கி அம்பு கிளம்புவது போன்ற ஷேர் குறி தெரியும். அதைத் தொட்டால் அனுப்பும் வழிகள் வரும். ‘சேவ் டு ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அப்பாவுக்கென ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் போடுங்கள். ‘வாய்ஸ் மெமோஸ்’ ஆப்புக்கும் அனுப்பலாம், உங்களுக்கே ஈமெயிலும் செய்துகொள்ளலாம். பதினான்கையும் ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். வெளியே வருவது எம்4ஏ வகை ஆடியோ ஃபைல்; எந்தக் கணினியிலும், ஏறக்குறைய எந்தப் போனிலும் ஓடும்.

இதற்காக நீங்கள் அந்தக் குரலைக் கேட்டாக வேண்டும் என்பதில்லை. ஷேர் செய்வதற்குப் பிளே பொத்தானை அழுத்தத் தேவையில்லை. கைதவறி ஓடிவிடுமோ என்று பயமாக இருந்தால் ஒலியளவை அடியோடு குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆனால் வந்த ஃபைலில் குரல் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும். திறக்கவே திறக்காத ஃபைலையும், பாதியில் நின்றுபோன ஃபைலையும் என் மேசையில் நிறையப் பார்க்கிறேன். எடுத்த அன்றே சரிபார்த்திருந்தால் மறுபடியும் எடுத்திருக்கலாம். உங்களால் முடியாவிட்டால் தம்பியிடம் கொடுங்கள். அவரும் தயங்கினால், அப்பாவை அவ்வளவு நெருக்கமாக அறியாத ஒரு நண்பர் போதும். ஒவ்வொன்றின் தொடக்கமும் முடிவும் கேட்கிறதா, போனில் காட்டும் நீளமும் ஃபைலின் நீளமும் ஒன்றா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் ஒரு வருடம் கழித்துக் கேளுங்கள், ஐந்து வருடம் கழித்துக் கேளுங்கள், அது உங்கள் விருப்பம். ஃபைல் காத்திருக்கும். வாய்ஸ்மெயில் பெட்டி காத்திருக்காது.

இப்போது அம்மாவின் போன். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் பட்டியலாகக் காட்டும் வாய்ஸ்மெயில் உண்டு. அவற்றில் செய்தியைத் தொட்டாலோ அழுத்திப் பிடித்தாலோ ஷேர், சேவ், எக்ஸ்போர்ட் என்று ஏதாவதொரு பெயரில் வழி இருக்கும். அம்மாவுடையது அழைத்துக் கேட்கும் பழைய முறை என்பதால், செய்திகள் முழுக்க முழுக்கச் சர்வரில்தான் இருக்கின்றன. இத்தனை மாதம் அவை தப்பியிருந்தால், அம்மா அவ்வப்போது கேட்டுச் சேமித்ததாலோ அந்த நிறுவனத்தின் கெடு நீளமானது என்பதாலோ இருக்கும். ஆனாலும் கெடு வேகமாக ஓடுவது இங்கேதான். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் ‘சேமிக்க இந்த எண், அழிக்க இந்த எண்’ என்று குரல் சொல்லும். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் வேறுபடும் என்பதால் பழக்கத்தில் அழுத்தாமல் முழுதாகக் கேட்டுவிட்டு, சேமிக்கும் எண்ணை அழுத்துங்கள். அநேகமாக அது கெடுவைப் புதுப்பிக்கும். இன்று இரவே செய்துவிடுங்கள்.

அடுத்தது பதிவு. அம்மாவின் போனில் கால் ரெக்கார்டிங் வசதி இருந்தால், வாய்ஸ்மெயிலுக்கு அழைப்பதும் ஓர் அழைப்புதான் என்பதால் அதை அப்படியே பதிந்துகொள்ளலாம். ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்ற அறிவிப்பு தொடக்கத்தில் வரலாம். அது முடிந்த பிறகே அப்பாவின் செய்தியை ஓடவிடுங்கள், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல்.

அந்த வசதி இல்லையென்றால் தம்பியின் வழி. வீட்டிலேயே அமைதியான, மெத்தையும் துணியும் நிறைந்த அறையில் உட்காருங்கள். வெறும் சுவர்கள் குரலை எதிரொலிக்கும். மின்விசிறியை அணையுங்கள். பதிவு செய்யும் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், நடுவில் யாராவது கூப்பிட்டால் பதிவு அறுந்துவிடும். அம்மாவின் போனை ஸ்பீக்கரில் வைத்து, ஒலியளவை முழுதாக ஏற்றாமல் முக்கால் அளவில் நிறுத்துங்கள். சின்ன ஸ்பீக்கர்கள் உச்சத்தில் கரகரக்கும். மற்ற போனின் மைக், ஸ்பீக்கரிலிருந்து அரைச் சாண் தொலைவில் இருக்கட்டும். ரெக்கார்டர் ஆப்பில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ போன்ற எதுவும் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். செய்தி எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது என்று வாய்ஸ்மெயில் குரல் சொல்வதையும் சேர்த்தே பதியுங்கள். பிற்பாடு தேதிக்கு அதுதான் சாட்சி.

கையில் ஒரு பிரதி வந்துவிட்டது. இனி பதறாமல் நல்ல பிரதிக்கு முயலலாம். அம்மாவின் போன் பழையது என்பதால் 3.5 மில்லிமீட்டர் இயர்போன் ஜாக் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு முனையிலும் அதே பின் உள்ள ஆடியோ கேபிளை வாங்கி, ஒரு முனையைப் போனிலும் மறு முனையைக் கணினியில் வெளி ஒலியை உள்ளே வாங்கும் லைன்-இன் ஜாக்கிலும் செருகுங்கள். இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் ஹெட்செட்டுக்கான ஒரே ஒரு ஜாக்தான் இருக்கும். அதில் இந்தக் கேபிள் வேலை செய்யாது. லைன்-இன் உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வேண்டும். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, வாய்ஸ்மெயிலுக்கு அழையுங்கள். குரல் காற்றில் வராமல் கம்பி வழியாகவே போவதால், அறையின் சத்தம் எதுவும் அதில் ஏறாது. ஆடாசிட்டியில் ஒலியின் அளவைக் காட்டும் பட்டையின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் ஆடும்படி போனின் ஒலியளவை வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் முட்டி நசுங்கிய ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் நேராக்க முடியாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஃபைல் வகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்ததை வந்த வடிவத்திலேயே வைத்துக்கொள்வதுதான் முதல் விதி. ஐபோனிலிருந்து எம்4ஏ வந்தால் அதுதான் மூலம். சில ஆண்ட்ராய்டு போன்களிலிருந்து ஏஎம்ஆர் என்ற வகை வரும். எல்லா பிளேயரும் அதை ஓட்டாது, விஎல்சி என்ற இலவச பிளேயர் ஓட்டும். அதையும் அழிக்காதீர்கள். பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்துகளை எம்பி3 என்று மாற்றினால் ஃபைல் எம்பி3 ஆகிவிடாது, திறக்காமல் அடம்பிடிக்கத்தான் செய்யும். நீங்களே கேபிள் வழியாகப் பதிவது, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) வடிவில் இருக்கட்டும்: மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். அதற்குமேல் போவதில் பயனில்லை, ஏனென்றால் சாதாரணத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. குரலைப் புரிந்துகொள்ள அது போதும் என்று அந்தக் காலத்திலேயே வகுத்துவிட்டார்கள். வாய்ஸ்மெயிலில் எல்லோர் குரலும் கொஞ்சம் அடைத்தாற்போல் ஒலிப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் பதிவில் ஏதோ குறை என்று எண்ண வேண்டாம்.

இடத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். செல்போன் குரலுக்கென்று வகுத்த ஏஎம்ஆர் முறையில், அதன் உயர்ந்த தரத்திலேயே ஒரு நிமிடப் பேச்சு 92 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். வேவ் என்றால் நிமிடத்துக்கு 5 மெகாபைட் சொச்சம். அப்பாவின் செய்திகள் மொத்தமும் சேர்ந்து ஒரு சின்ன வீடியோ அளவுகூட வராது. உறவினர்களுக்குக் கொடுக்கத் தனியாக எம்பி3 நகல் எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள், ஃபைல் உள்ளபடியே போய்ச் சேரும்.

பெயரிடும்போது தேதியை முன்னால் வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள், அதன்பின் அப்பா யாரிடம் பேசினார் என்பது. எல்லாம் தானாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும். போனில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே காட்டும் தேதியையும் நேரத்தையும் இப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஷேர் செய்யும்போது ஃபைலின் தேதி இன்றைய தேதியாக மாறிவிடலாம். முடிகிறபோது, அப்பா அன்றைக்கு எங்கிருந்து பேசினார், ‘அந்த விஷயம் முடிஞ்சிடுச்சா’ என்று அவர் கேட்டது எந்த விஷயம் என்பதையும் இரண்டு வரி எழுதிவையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் மட்டும் போதாது, அந்த இரண்டு வரியும் வேண்டும்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே: கிளவுடிலோ தம்பி வீட்டிலோ. பென்டிரைவை மட்டும் நம்பி அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் பாயாமல் கிடந்தால் அதில் எழுதியது மங்கிப்போகக்கூடும். கிளவுட் கணக்கின் பாஸ்வேர்டு உங்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரைச்சல் விஷயத்தில் என் கருத்து கறாரானது. மூலத்தின் மேல் எதையும் செய்யாதீர்கள். பின்னால் ஓடும் டிவி, அவர் தொண்டையைச் செருமுவது, போனை வைக்கத் தடுமாறும் அந்த இரண்டு விநாடி, எல்லாம் அவருடைய நாளின் பகுதி. மீட்க வருகிறவர்கள் முதலில் இரைச்சலை எடுக்கச் சொல்கிறார்கள், பிறகு அதையே தேடி மறுபடியும் வருகிறார்கள். பேச்சு புரியாத அளவுக்கு இரைச்சல் இருந்தால் ஒரு நகலில் மட்டும், மிக லேசாக நீக்குங்கள்; அதிகமானால் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவது போலாகிவிடும். ஒலியளவைக் கொஞ்சம் உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது. செயற்கை நுண்ணறிவால் குரலைத் தெளிவாக்கித் தருகிறோம் என்னும் சேவைகள் இப்போது உண்டு. தொலைபேசி வெட்டியெறிந்த ஒலி அந்தப் பதிவில் இல்லவே இல்லை, எனவே இந்தச் சேவைகள் அதை ஊகித்து நிரப்புகின்றன. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்கு அது சரி. அப்பாவின் குரலில் அவர் பேசாத ஒலி ஒன்று கலப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த ஆசை புதியது அல்ல. 1877-இல் போனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த எடிசன், அது எதற்கெல்லாம் பயன்படும் என்று மறு ஆண்டே ஒரு கட்டுரையில் பட்டியலிட்டார். குடும்பத்தாரின் பேச்சையும் நினைவுகளையும் அவரவர் குரலிலேயே பதிந்துவைப்பது அதில் ஒன்று. தொலைபேசியோடு அதை இணைத்து, கணத்தில் கரைந்துவிடும் பேச்சை நிலையான பதிவாக்குவது இன்னொன்று. டென்மார்க்கில் வால்டெமார் பவுல்சென் 1898-இல் எஃகுக் கம்பியில் காந்த முறையில் ஒலியைப் பதியும் கருவியை உருவாக்கியபோதும், அவர் மனதில் இருந்தது தொலைபேசிச் செய்தியைப் பிடித்துவைப்பதுதான். ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் அந்தக் கருவியில் பேசிய சில வாக்கியங்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன, யாரோ அந்தக் கம்பியைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால்.

அழிந்த செய்திக்கு வருகிறேன். ஐபோனில் வாய்ஸ்மெயில் பட்டியலின் அடியில் ‘டெலிட்டட் மெசேஜஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதைக் காலி செய்யாதிருந்தால் செய்தி அங்கே கிடக்கலாம். ‘அன்டிலீட்’ கொடுத்தால் திரும்ப வரும். அங்கே இல்லையென்றால், அந்தச் செய்தி இருந்த நாள்களில் ஐபோனைக் கணினியில் முழு பேக்கப் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்; அந்த பேக்கப்புக்குள் வாய்ஸ்மெயில்களும் இருக்கும், அவற்றைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் உள்ளன. இதற்கு முன் வைத்திருந்த போன் ஏதாவது மேசை டிராயரில் கிடந்தால் அதையும் சார்ஜ் போட்டுத் திறந்து பாருங்கள். நெட்வொர்க் நிறுவனத்திடம் கேட்பதில் தவறில்லை, ஆனால் மாதங்கள் கடந்துவிட்ட செய்தியை அவர்கள் மீட்டுத் தருவார்கள் என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு எதையும் மீட்டுத் தருவோம் என்பவர்களிடம் போகாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருந்தால், அதை அழைக்கும்போது ‘இப்போது பேச முடியவில்லை, செய்தியை விடுங்கள்’ என்று அவரே தன் குரலில் பதிந்துவைத்த வரவேற்புச் செய்தி இருக்கலாம். அது யாருடைய பெட்டியிலும் வராத குரல் என்பதால் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இணைப்பைத் துண்டிக்கும் நாளில் அதுவும் போய்விடும், அந்த எண் பிறகு முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுக்கப்படும். அதனால் அதை எடுக்கும்வரை அந்த எண்ணுக்கான கட்டணத்தைக் கட்டிவாருங்கள். அப்பாவின் போனை அணைத்துவிட்டு, இன்னொரு போனிலிருந்து அழைத்து, மேலே சொன்ன வழிகளில் ஒன்றில் பதியுங்கள். அவருடைய வாய்ஸ்மெயில் மெனுவுக்குள் போய் அதைக் கேட்க முயலாதீர்கள். அங்கே ‘புதிதாகப் பதிவு செய்ய’ என்ற தேர்வும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு தவறான எண்ணை அழுத்தினால் பழையது அழிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையும் இதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். அவை ஓபஸ் என்ற வகை ஃபைல்கள், அழுத்திப் பிடித்து ஷேர் செய்தால் வெளியே எடுக்கலாம்.

ஆக, இன்று இரவு அம்மாவின் பெட்டியில் சேமிக்கும் எண்ணை அழுத்துங்கள். நாளை பதினான்கையும் ஷேர் செய்யுங்கள். இந்த வாரத்துக்குள் அம்மாவின் செய்திகளையும் அப்பாவின் வரவேற்புக் குரலையும் பதிந்துவிடுங்கள். யாராவது ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுச் சரிபார்த்ததும், மூன்றாவது பிரதி வீட்டைவிட்டு வெளியே போனதும், நீங்கள் தாராளமாக நெட்வொர்க் மாறலாம். எந்தக் கட்டத்திலாவது தடுக்கினால் போனின் மாடலையும், திரையில் என்ன தெரிகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.